கிரகணத்தன்னிக்கு நட்டுக்கிட்டு நின்ன உலக்கை: சாஸ்திரமும் சயின்ஸும் ஒத்துப்போகுமா போகாதா?

கொருக்குப்பேட்டை கேட்:

கொஞ்சம் நீளமா போகும், கேட் போட்டு மூணு கூட்ஸ் வண்டி போற வரைக்கும் நிக்கற மாதிரி நெனச்சுக்கிட்டு பொறுமையா படிங்க.

முந்தாநாள் 2025 செப்டம்பர் 7, ஞாயித்துக்கிழமை ராத்திரி முழு சந்திர கிரகணம் இல்லியா. என் தங்கச்சிக்கு ஏழாம் மாசம், வளைகாப்பு முடிஞ்சு எங்க வீட்லதான் இருக்கா. அம்மா ஏழு மணிக்கே எல்லாரையும் சாப்பிட வச்சுட்டு, தயிர், கொழம்பு, தண்ணிக் குடம் எல்லாத்து மேலயும் தர்ப்பைப் புல்ல கிள்ளிப் போட்டுட்டு, தங்கச்சிய உள் ரூம்ல உக்கார வச்சு ஜன்னலுக்கு பெட்ஷீட் கட்டிட்டாங்க. ஊசி தொடாத, கத்தரிக்கோல் தொடாத, நகத்த கிள்ளாத, ஒருக்களிச்சு படுக்காத, தண்ணி குடிக்காத. வேர்த்து கொட்டுது அவளுக்கு. கிரகணம் பிடிச்சதே 9.57க்கு, விட்டது 1.26க்கு. மூணரை மணி நேரம் மாசமா இருக்கற பொண்ணு தண்ணியில்லாம உக்காந்திருக்கணுமாம், நான் மொட்டை மாடியில நின்னு நெலாவ வேடிக்கை பாத்துனு இருக்கேன். எனக்கே கேவலமா இருந்துச்சு.

நெலா மட்டும் சும்மா சொல்லக்கூடாது. மேகம் வந்து வந்து மறைச்சாலும் 11 மணிக்கு மேல பழைய செங்கல் கலர்ல தொங்கிச்சு பாருங்க.

அப்பதான் கீழ்வீட்டு அக்கா ஒரு பித்தளைத் தாம்பாளத்துல தண்ணி ஊத்தி, நடுவுல உலக்கைய நிக்க வச்சாங்க. ரெண்டு தடவ சாஞ்சுது, மூணாவது தடவ நின்னுடுச்சு. தெருவே மாடிக்கு வந்துடுச்சு. ஆளாளுக்கு வீடியோ. எங்க மாமா என் தோள்ல கை போட்டு, "பாத்தியாடா, நம்ம சாஸ்திரத்துல இல்லாத சயின்ஸா, இவனுங்க இப்பதான் ஒண்ணொண்ணா கண்டுபிடிக்கிறானுங்க"ன்னார். நான் பி.எஸ்சி பிசிக்ஸ் படிச்சவன், வாயத் தொறக்கல. தொறந்திருந்தா சண்டை ஆயிருக்கும்.

என் கேள்வி இதான். வேதம், பைபிள், குரான் எதுவா வேணா இருக்கட்டும், இன்னிக்கு நமக்கு தெரிஞ்ச சயின்ஸோட அத ஒக்கார வச்சு ராசி பண்ண முடியுமா? இல்ல, ஒண்ண நம்பினா இன்னொண்ண விட்டுடணுமா? திட்டாம சொல்லுங்க.

வாக்கியம் 78:

தம்பி, திட்டல. ஆனா ஒண்ணு கேக்கறேன். 9.57க்கு பிடிக்கும்னு பஞ்சாங்கத்துல போன வருஷமே அச்சடிச்சு வந்துடுச்சு. அதெப்படி? டெலஸ்கோப் வச்சா நம்ம பெரியவங்க கணிச்சாங்க? நான் ரிட்டயர்ட் ஆளு, நாப்பது வருஷமா பஞ்சாங்கம் பாக்காம வெளிய காலடி எடுத்து வச்சதில்ல. கணக்கு சரியா இருந்தா அதுக்குப் பேரு சயின்ஸ் இல்லாம வேற என்ன? உங்க மாமா சொன்னதுல பாதி சரிதான். மீதி பாதி கொஞ்சம் ஓவர், ஒத்துக்கறேன்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:

பெரியவரே, எந்தப் பஞ்சாங்கம்? அத சொல்லுங்க மொதல்ல.

வானத்துல பாக்கறதுக்கு ஏத்த மாதிரி கணக்க திருத்தின திருக்கணிதப் பஞ்சாங்கத்த பாத்தா சனி பகவான் 2025 மார்ச் 29ந்தேதியே கும்பத்துலருந்து மீனத்துக்கு போயாச்சு. பழைய சூத்திரத்த அப்படியே வச்சு கணிக்கற வாக்கியப் பஞ்சாங்கத்த பாத்தா 2026 மார்ச்லதான் போறாரு, திருநள்ளாறு கோயில்லயே "நாங்க வாக்கியம்தான், இந்த வருஷம் சனிப்பெயர்ச்சி கிடையாது"ன்னு அறிவிச்சாங்க. கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம். வானத்துல ஒரு சனிதானே இருக்கு? ரெண்டு எடத்துல எப்படி இருப்பாரு, வாடகைக்கு வீடு எடுத்திருக்காரா? இதுல எது சாஸ்திரம் எது சயின்ஸ்?

வாக்கியம் 78:

அயனாம்ச வித்தியாசமும், அதாவது ராசிச் சக்கரம் எங்க ஆரம்பிக்குதுங்கற கணக்கு வித்தியாசமும் உண்டு தம்பி, சும்மா ஒரே அடியா அடிக்காதீங்க. ஆனா வாக்கியம் கிரக விஷயத்துல பின்தங்கித்தான் இருக்குங்கறத நான் மறுக்கல. பரம்பரை வழக்கம், விட மனசு வரல, அவ்ளோதான்.

கூட்ஸ் ஷெட்:

இன்னா நைனா, உலக்கை நின்னுச்சா நிக்கலியா அத சொல்லுங்கப்பா. சனி வீடு மாறுனா எனக்கின்னா, நான் ஓனர் காலி பண்ண சொல்லி மூணு மாசமா வியாசர்பாடியில வீடு தேடினு கீறேன்.

நூலகப் பூச்சி:

பழைய வண்ணாரப்பேட்டைதான் நானும். பெரியவர் கேட்ட "டெலஸ்கோப் இல்லாம எப்படி"ங்கற கேள்விக்கு ஒரு அருமையான கதை இருக்கு. ஜான் வாரன்னு ஒருத்தர், நம்ம மெட்ராஸ் அப்சர்வேட்டரியில பொறுப்புல இருந்தவர், 1825ல "கால சங்கலித"ன்னு ஒரு பெரிய புக்கு போட்டார். புதுச்சேரியில ஒரு தமிழ் பஞ்சாங்கக்காரர் தரையில சோழிய பரப்பி, மனப்பாடமா வச்சிருந்த வாக்கியத்த முணுமுணுத்துக்கிட்டே அந்த வருஷம் மே 31 ராத்திரி வந்த சந்திர கிரகணத்த கணிச்சு காட்டினார்னு அதுல வருது. பேப்பர் கிடையாது பேனா கிடையாது. ஆரம்ப நேரத்துல 4 நிமிஷம்தான் பிசகு, நடுவுல 23, முடியறதுல 52. ஆச்சரியம் என்னன்னா அந்த மனுஷனுக்கு கிரகணம் ஏன் வருதுங்கற சித்தாந்தம் ஒண்ணுமே தெரியாதுன்னு வாரன் எழுதறார். சோழி மட்டும் தெரியும்.

அப்ப இந்தக் கணக்கு எங்கருந்து வந்துச்சு? வேதத்துலருந்தா? இல்ல. வானத்த பாத்து பாத்து எழுதினவங்க கிட்டருந்து. கி.பி. 499ல ஆரியபட்டர் பளிச்சுன்னு எழுதிட்டார், சந்திரன மறைக்கறது பூமியோட நிழல், சூரியன மறைக்கறது சந்திரன்னு. ராகுவும் இல்ல பாம்பும் இல்ல. 628ல பிரம்மகுப்தர் வந்து, ராகு இல்லன்னா வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் விரோதமாச்சேன்னு ஆரியபட்டர போட்டுத் தாக்கறார், ஆனா அதே புக்குல கிரகணத்துக்கு கணக்கு போடும்போது நிழல வச்சேதான் போடறார்! 1030 வாக்குல, இந்தியாவ பத்தி எழுதின அறிஞர் அல்பிரூனி இத படிச்சுட்டு, இவ்ளோ பெரிய அறிவாளி ஏன் இப்படி ரெண்டு நாக்குல பேசறார், சாக்ரடீசுக்கு வந்த கதி தனக்கும் வந்துடும்னு பயந்துட்டாரோன்னு சந்தேகப்படறார்.

நீங்க கேட்ட கேள்வி கொருக்குப்பேட்டையில மொட்டை மாடியில பொறந்தது இல்ல தம்பி. குறைஞ்சது ஆயிரத்தி நானூறு வருஷம் பழசு.

கொருக்குப்பேட்டை கேட்:

அண்ணே செம. அப்ப ராகு கேது எங்க போச்சு? பஞ்சாங்கத்துல இன்னும் இருக்கே?

நூலகப் பூச்சி:

அங்கதான் மேட்டரே. பேர விடல, அர்த்தத்த மாத்திட்டாங்க. நெலா சுத்தற பாதை பூமி சூரியன சுத்தற தளத்துலருந்து சுமார் 5 டிகிரி சாய்வா இருக்கு, அதனாலதான் எல்லா பௌர்ணமிக்கும் கிரகணம் வரதில்ல. ரெண்டும் வெட்டிக்கற இடம் ரெண்டு. கணிதக்காரங்க அந்த ரெண்டு புள்ளிக்கு ராகு, கேதுன்னு பேர் வச்சுட்டாங்க. அந்தப் புள்ளிங்க பின்னோக்கி நகந்து ஒரு சுத்து வர 18.6 வருஷம். 12 ராசியால வகுத்துப் பாருங்க, ஒண்ணரை வருஷம் சொச்சம். ராகு கேது பெயர்ச்சி ஏன் ஒண்ணரை வருஷத்துக்கு ஒருக்க வருது, ஏன் அது மட்டும் ரிவர்ஸ்ல போகுதுன்னு இப்ப புரியுதா? பாம்பு கதைய நம்பறவரும் அதே தேதியிலதான் அர்ச்சனை பண்றாரு, சாய்வுக் கணக்கு தெரிஞ்சவரும் அதே தேதியதான் சொல்றாரு.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:

அண்ணே, இத நான் ராசின்னு ஒத்துக்க மாட்டேன். பேருதான் பழசு, உள்ள சரக்கு மொத்தமும் புதுசு. நம்ம பக்கத்து ஓட்டல் போர்டு மாதிரி.

மண்ணடி பாய்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். அன்னிக்கு ராத்திரி எங்க தெரு பள்ளிவாசல்ல கிரகணத் தொழுகை நடந்துச்சு. அத பத்தி ஒரு விஷயம். நபிகள் நாயகத்தோட சின்னப் பையன் இப்ராஹீம் இறந்த அன்னிக்கு சூரிய கிரகணம் பிடிச்சுது, 632ன்னு இப்ப கணக்கு போட்டிருக்காங்க. ஜனங்க எல்லாம் புள்ள செத்ததுக்காக சூரியனே துக்கம் கொண்டாடுதுன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு தலைவருக்கு அத விட நல்ல வாய்ப்பு எங்க கிடைக்கும்? ஆனா அவர் சொன்னது, சூரியனும் சந்திரனும் இறைவனோட அத்தாட்சி, யாரோட சாவுக்காகவும் பிறப்புக்காகவும் அதுக்கு கிரகணம் பிடிக்காது, புகாரிங்கற நபிமொழித் தொகுப்புல இருக்கு. எனக்கு இந்த ஒரு ஹதீஸ் போதும்.

ஆனா எங்காளுங்களும் சும்மா இல்ல. 1976ல மாரிஸ் புகாய்ன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் பைபிள், குரான், சயின்ஸ்னு ஒரு புக்கு போட்டாலும் போட்டார், அதுலருந்து வாட்ஸ்அப்ல தினம் ஒரு வசனம் வந்துனே இருக்கு. வானமும் பூமியும் ஒண்ணா இருந்துச்சு நாம பிரிச்சோம்னு 21:30ல வருதா, ஒடனே பிக் பேங்னு போடறானுங்க. பழைய தஃப்சீர, அதாவது குரான் விளக்க உரைய எடுத்துப் பாருங்க, வானம் மழை பெய்யாம மூடியிருந்துச்சு, பூமி முளைக்காம மூடியிருந்துச்சு, ரெண்டையும் தொறந்து விட்டான்னு அழகா ஒரு விளக்கம் இருக்கு. ஒரு வெவசாயிக்கு அது புரியும். பிக் பேங்கோட கட்டிப்போட்டா நாளைக்கு சயின்டிஸ்ட் தியரிய மாத்தினா என்ன பண்ணுவீங்க, வசனத்தயும் மாத்துவீங்களா? இத எங்க மச்சான் கிட்ட சொன்னதுக்கு ஈமான் (இறை நம்பிக்கை) குறைஞ்சு போச்சுன்னுட்டார்.

பிறை விஷயம் பேசினா இன்னும் கூத்து. ஒரே வீட்ல அண்ணன் காஜி அறிவிப்புக்கு காத்திருக்கார், தம்பி கணக்குப்படி பெருநாள்னு பிரியாணி சாப்டுனு இருக்கார். நெலா எங்க இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். கண்ணால பாக்கணுமா கணக்கால பாக்கணுமாங்கறதுதான் சண்டை, அது மார்க்கச் சண்டை, அத சயின்ஸ் வந்து தீத்து வைக்காது.

காசிமேடு சர்ச் தெரு:

பாய் சொன்னத அப்படியே எங்க பக்கம் ஒருத்தர் போப் கிட்டயே சொல்லியிருக்கார். பிக் பேங்க மொதல்ல யோசிச்சவரே ஒரு கத்தோலிக்க ஃபாதர்தான், பெல்ஜியம் லெமேத்ர். 1927லயே பிரபஞ்சம் விரியுதுன்னு கட்டுரை போட்டவர். 1951ல போப் 12ம் பயஸ், பாத்தீங்களா பைபிள்ல இருக்கற சிருஷ்டிய சயின்ஸே நிரூபிச்சுடுச்சுங்கற ரேஞ்சுல ஒரு உரை கொடுத்துட்டார். சந்தோஷப்பட வேண்டிய ஃபாதர் கடுப்பாயிட்டார். என் தியரிய வேதத்தோட கோக்காதீங்க, அது தனி இது தனிங்கறதுதான் அவர் நிலை. அதுக்கப்புறம் போப் அந்தப் பேச்ச அப்படி எடுக்கல.

புனித அகுஸ்தீன் அதுக்கும் ஆயிரத்தி ஐந்நூறு வருஷம் முன்னாடியே ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதும்போது, நட்சத்திரத்த பத்தியும் பூமிய பத்தியும் ஒண்ணும் தெரியாம வேதத்த காட்டி உளறாதீங்க, வெளியாளுங்க சிரிப்பாங்க, அப்புறம் உயிர்த்தெழுதல பத்தி நீங்க சொன்னா எவன் நம்புவான்னு திட்டறார். சரி, அவர் சொல்லியும் கேட்டாங்களா? 1633ல கலிலியோவ மண்டி போட வச்சாங்க, தப்பு நடந்துச்சுன்னு ஒத்துக்க 1992 ஆச்சு.

எங்க சித்தப்பா இப்ப பெந்தெகொஸ்தே. பூமிக்கு ஆறாயிரம் வயசுன்னு சாதிக்கிறார். அந்தக் கணக்கு பைபிள்ல எங்கயும் எழுதல, 1650ல அஷர்னு ஒரு ஆர்ச்பிஷப் வம்சாவளிய கூட்டிக் கழிச்சு கி.மு. 4004ன்னு போட்டது. சொன்னா, "நீ ரோமன், உனக்கு வேதம் தெரியாது"ங்கறார்.

எங்கப்பா லாஞ்சுக்கு போறவரு. வீல் ஹவுஸ்ல ஜி.பி.எஸ், எக்கோ சவுண்டர், அது மேல மாதா படம், படத்துக்கு மல்லிப்பூ. எக்கோ சவுண்டர் ரிப்பேரானா மெக்கானிக்க கூப்பிடுவாரு, மாதாவ கூப்பிட மாட்டாரு. காத்து தூக்கி அடிச்சா மாதாவ கூப்பிடுவாரு. எது எதுக்குன்னு அவருக்கு தெளிவா தெரியும், நாமதான் இழை போட்டு குழம்பறோம்.

ஆங், உலக்கை. கிரகணத்தன்னிக்கு ஈர்ப்பு விசை ஜாஸ்தி அதான் நிக்குதுன்னு ஒரு ஃபார்வர்டு வருமே. சூரியன் பூமி நெலா ஒரே நேர்ல வரது எல்லா பௌர்ணமிக்கும் எல்லா அமாவாசைக்கும் கிட்டத்தட்ட நடக்கறதுதான், கடல் ஏத்தம் அன்னிக்கெல்லாம் ஜாஸ்திதான் இருக்கும், எங்க தெரு சின்னப் புள்ளைக்கும் தெரியும். உலக்கை நிக்கறதா இருந்தா மாசம் ரெண்டு தடவ நிக்கணும்.

பெரம்பூர் லோகோ:

எல்லாம் சரி, தசாவதாரம்? மச்சம் தண்ணி, கூர்மம் தண்ணியும் தரையும், வராகம் தரை, நரசிம்மம் பாதி மிருகம் பாதி மனுஷன், வாமனன் குள்ள மனுஷன். டார்வின் சொன்னத அப்படியே வரிசையா சொல்லியாச்சு. இதுக்கு என்ன பதில்?

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:

பதில் கேலண்டர்ல இருக்கு ப்ரோ. டார்வின் புக்கு 1859. தசாவதாரத்த பரிணாமம்னு படிச்சது அதுக்கப்புறம், 1877ல, பிரம்மஞான சபைய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதினதுலருந்து பரவினது. அதுக்கு முன்னாடி ஆயிரம் வருஷத்துக்கு மேல நம்ம ஊர்ல எத்தனையோ உரைகாரங்க, எத்தனையோ ஆச்சாரியாருங்க அந்த அவதாரக் கதைய அக்கு அக்கா பிரிச்சு மேஞ்சிருக்காங்க, ஒருத்தர் கூட மீனுதான் மனுஷனா மாறுச்சுன்னு எழுதல. பதில் தெரிஞ்சப்புறம் கேள்வித்தாள்ல டிக் அடிக்கறது எப்படி பாஸ் ஆகும்? அதுவும் போக பரிணாமம் ஏணி கிடையாது, மரம். ஆமையிலருந்து பன்னி வரல. பரசுராமருக்கும் ராமருக்கும் நடுவுல என்ன பரிணாமம், கோடாலி போய் வில்லு வந்ததா?

விமானம் கதையும் இதே சாதிதான். வைமானிக சாஸ்திரம்னு ஒரு புக்கு, பரத்வாஜ முனிவர் எழுதினதுன்னு சொல்றாங்க. 1974ல பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி ஆளுங்க உக்காந்து ஆராய்ஞ்சாங்க, அது 20ம் நூற்றாண்டுல எழுதினது, அந்த டிசைன்ல ஒண்ணு கூட பறக்காதுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அப்பவும் 2015 சயின்ஸ் காங்கிரஸ்ல அதே விமானக் கதைய ஓட்டினாங்க, 2019ல கௌரவர் டெஸ்ட் ட்யூப் பேபின்னு ஒரு துணைவேந்தரே மேடையில பேசினார். அரசியல் சட்டத்துல 51ஏ(எச்) இருக்கு, அறிவியல் மனப்பான்மைய வளக்கறது குடிமகன் கடமைன்னு. யார் படிக்கிறா.

பெரம்பூர் லோகோ:

உனக்கு எங்க சாமின்னாதான் இளக்காரம். உன் ஜாதகமே எனக்கு தெரியும்.

மட்டுறுத்துனர்:

ஆள பத்தி பேசினா பதிவு தூக்கப்படும். விஷயத்த பேசுங்க. பெரம்பூர், ரெண்டு வரி தூக்கிட்டேன், மீதிய விட்டிருக்கேன்.

ஒற்றியூர் டீச்சர்:

திருவொற்றியூர்ல தமிழ் டீச்சரா இருந்து போன வருஷம்தான் ஓய்வு. நம்ம பக்கமும் ஒரு தப்பு நடக்குது, அத யாரும் சொல்லல, நானே சொல்லிடறேன். திருவாசகத்துல திருவண்டப்பகுதி ஆரம்பம் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்:

அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்
அளப்பருந் தன்மை வளப்பெருங் காட்சி
ஒன்றனுக் கொன்று நின்றெழில் பகரின்
நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன
இன்னுழை கதிரின் துன்னணுப் புரையச்
சிறிய வாகப் பெரியோன்

இத எடுத்துக்கிட்டு "விரிந்தன"ன்னு போட்டிருக்கார் பாருங்க, மாணிக்கவாசகர் பிரபஞ்சம் விரியறத வானியல் விஞ்ஞானி ஹபிளுக்கு முன்னாடியே சொல்லிட்டார், "அணு"ன்னு போட்டிருக்கார் பாருங்க, அணு பௌதிகமும் சொல்லிட்டார்னு மேடைக்கு மேட பேசறாங்க. நானே பத்து வருஷம் கிளாஸ்ல அப்படி சொல்லிக் கொடுத்திருக்கேன், புள்ளைங்க கை தட்டும், நமக்கும் குளுகுளுன்னு இருக்கும்.

ஒரு நாள் எட்டாம் வகுப்பு பொண்ணு ஒண்ணு எழுந்து, "டீச்சர், இல் நுழை கதிர்னா என்ன"ன்னு கேட்டுச்சு. சொல்ல வாய் எடுத்தேன், எங்க அம்மா வீடு கண்ணுல வந்துடுச்சு. தேரடி பக்கம் ஓட்டு வீடு. ஒரு ஓடு விரிசல். காலையில ஏழு மணிக்கு அது வழியா வெயில் குச்சி மாதிரி சாய்வா இறங்கி அம்மி மேல விழும். அம்மா பாய உதறுவாங்க, அவ்ளோதான், அந்தக் குச்சிக்குள்ள தூசு தூசா பொன்னு மாதிரி மேலயும் கீழயும் நீந்தும். வெயில் இல்லாத எடத்துலயும் அதே தூசு இருக்கு, கண்ணுக்கு தெரியாது. நான் கைய விட்டு பிடிக்கப் பாப்பேன்.

அந்தத் துன் அணுதான் இது. நெருங்கிக் கிடக்கற தூசு. நூத்தியோரு கோடிக்கு மேல பரந்து கிடக்கற அண்டமெல்லாம் அவனுக்கு முன்னால அந்த வெயில்ல பறக்கற தூசு மாதிரி சின்னதுன்னு சொல்றார். "விரிந்தன"ங்கறது எண்ணிக்கைக்கு, வேகத்துக்கு இல்ல. இத பிக் பேங்காக்கினா பாட்டு சின்னதாப் போயிடுது, அந்த ஓட்டு வீடும் அந்த வெயிலும் காணாமப் போயிடுது. அதுக்கப்புறம் நான் அந்த மாதிரி பாடம் நடத்தறத விட்டுட்டேன். கைதட்டு கொறஞ்சுதான் போச்சு.

இன்னொண்ணு. நம்ம ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவுல இருந்துக்கிட்டு ஒற்றியூருக்கு வந்து வந்து பாடின வள்ளலார், கடைசி காலத்துல வேதம் ஆகமம் இதுல எல்லாம் லட்சியம் வைக்காதீங்கன்னே சொல்லிட்டு போனார். அவர யாரும் நாத்திகர்னு சொல்றதில்லயே.

வாக்கியம் 78:

டீச்சர் அம்மா, கையெடுத்து கும்பிடறேன்.

கூட்ஸ் ஷெட்:

அப்ப கணக்கு மேதை ராமானுஜம்? அவரு குலதெய்வம் நாமகிரித் தாயார் கனவுல வந்து ஃபார்முலா சொன்னாங்கன்னு அவரே சொல்லிக்கீறாரே. நம்ம ஏரியா ஆளு வேற. ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலி தெருவுல குடியிருந்தாரு, போர்ட் ட்ரஸ்ட்ல 30 ரூபா சம்பளத்துக்கு கிளார்க்கு. ராயபுரம் சோமு செட்டி தெரு பக்கம் அவருக்கு மியூசியமே கீது, போயிருக்கீங்களா யாரானா?

நூலகப் பூச்சி:

போயிருக்கேன். சின்ன எடம், ஆனா போகணும். நாமகிரி விஷயம் அவர் நம்பினது, அத யாரும் கிண்டல் பண்ண வேணாம். ஆனா 1913ல கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பின லெட்டர்ல எல்லாமே சரியா இல்ல, பகா எண்ணுங்க பத்தி எழுதினது சிலது தப்பு. ஹார்டி கேட்டது ஒண்ணே ஒண்ணு: நிரூபணம் எங்க? கனவுல வந்தாலும் சரி, டீ குடிக்கும்போது வந்தாலும் சரி, நிரூபணம் இல்லாம கணக்குல சேத்துக்க மாட்டாங்க. தாயார் கொடுத்ததுன்னு சரியானத விடவும் இல்ல, தாயார் கொடுத்ததுன்னு தப்பானத ஏத்துக்கவும் இல்ல.

நான் இன்னொரு நம்மூர் ஆள சொல்ல வந்தேன், மறந்தே போச்சு. சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கற குடும்பம். நுங்கம்பாக்கத்துல 1792ல கட்டின மெட்ராஸ் அப்சர்வேட்டரியில முதல் உதவியாளரா இருந்தார். 1867ல ஆர் ரெட்டிகுலின்னு ஒரு மாறுவிண்மீன, அதாவது வெளிச்சம் கூடிக் குறையற நட்சத்திரத்த கண்டுபிடிச்சவர். ராத்திரி டெலஸ்கோப், பகல்ல பஞ்சாங்கம். டெலஸ்கோப்ல பாக்கறதும் வாக்கியத்துல இருக்கறதும் ஒத்துப்போகலன்னு தெரிஞ்சதும் அவர் என்ன பண்ணார்? வானம் தப்புன்னு சொல்லல. பஞ்சாங்கமே வேணாம்னும் சொல்லல. பாக்கறதுக்கு ஏத்த மாதிரி கணக்க திருத்தி திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார், வைதிகங்க கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டார். 1874 டிசம்பர் 9ந்தேதி வெள்ளி சூரியன குறுக்க கடந்துச்சே, அதுக்கு முன்னாடி பல இந்திய மொழிகள்ல சின்ன புத்தகம் போட்டு ஜனங்களுக்கு விளக்கினார், அதையும் ஒரு பண்டிதரும், வான சாஸ்திரம் தெரிஞ்ச ஒரு சித்தாந்தியும் பேசிக்கற மாதிரி எழுதியிருக்கார். இந்த இழை மாதிரியேதான்!

கேட் தம்பி, ராசி பண்ண முடியுமான்னு கேட்டீங்க. நான் பாத்த வரைக்கும் நடந்த ராசி இது ஒண்ணுதான், புக்கு வானத்துக்கு வழி விட்டது. வானம் புக்குக்கு வழி விட்டதா ஒரு உதாரணமும் எனக்கு கிடைக்கல.

நைட் டூட்டி சிஸ்டர்:

இவ்ளோ பேசறீங்க, அந்தப் பொண்ணு தண்ணி குடிச்சுதா இல்லயா? ஒருத்தராவது கேட்டீங்களா?

நான் பிரசவ வார்டு நர்ஸ். எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம். அன்னிக்கு நான்தான் நைட்டு. கிரகணத்துக்காக குழந்தைங்க வயித்துக்குள்ள வெயிட் பண்ணாது, அன்னிக்கும் வழக்கம் போலதான் பொறந்துச்சு. கஷ்டம் என்னன்னா, மாமியார் சொல்லிட்டாங்கன்னு சுகர் இருக்கற மாசமான பொண்ணு சாயந்தரத்துலருந்து சாப்பிடாம மயங்கி வரும். நாங்க குளுக்கோஸ் ஏத்தினா "ஊசி குத்தாதீங்க"ன்னு அழும்.

எல்லாரும் பயப்படறது உதடு பிளவுக்குத்தான். குழந்தையோட மேல் உதடு சேர்றது நாலாவது வாரத்துலருந்து ஏழாவது வாரத்துக்குள்ள. நிறைய பேருக்கு மாசமா இருக்கறதே அப்ப தெரியாது. ஏழாவது மாசத்துல கிரகணத்துக்கு கத்திய தொட்டா முடிஞ்சு போன உதடு எப்படி பிரியும்? பரம்பரை, சிகரெட், சில மாத்திரைங்க, இதெல்லாம்தான் நாங்க கேக்கற காரணம், பல நேரம் காரணமே தெரியாது. போலிக் ஆசிட் மாத்திரைய ஒழுங்கா போடுங்கன்னு சொன்னா அத மறந்துடுவாங்க, தர்ப்பைய மறக்க மாட்டாங்க.

நான் தினம் டூட்டிக்கு கிளம்பும்போது வடிவுடையம்மன கும்பிட்டுட்டுதான் போறேன். யாரும் என்ன நாத்திகம்னு ஆரம்பிக்க வேணாம்.

கொருக்குப்பேட்டை கேட்:

சிஸ்டர், மன்னிச்சுக்கோங்க. 11 மணிக்கு நான் திருட்டுத்தனமா ஒரு சொம்பு தண்ணி கொண்டு போய் கொடுத்தேன். அதுலயும் தர்ப்பை மிதந்துச்சு, அதனால அம்மா பாத்தும் ஒண்ணும் சொல்லல.

உலக்கை ரிசல்ட்டு கேட்டீங்களே. ஒரு வாரம் கழிச்சு அடுத்த ஞாயித்துக்கிழமை மதியம், கிரகணமும் இல்ல பௌர்ணமியும் இல்ல, அக்கா கிட்ட அதே உலக்கை, அதே தாம்பாளம் வாங்கி வந்தேன். மொட்டை மாடி மழைத் தண்ணி ஓடறதுக்காக சாய்வா இருக்கும், அங்க வச்சேன், விழுந்துச்சு. ஹால்ல மொசைக் தரையில தாம்பாளத்த வச்சு, செல்லுல லெவல் பாத்து, அடியில பேப்பர் மடிச்சு வச்சு சரி பண்ணேன். அந்த உலக்கைக்கு அடியில இரும்புப் பூண் போட்டிருக்கு, அரிசி குத்தி குத்தி தேஞ்சு தட்டையா இருக்கு. கண்ண அத்தோட உச்சி மேல வச்சுக்கிட்டு மூச்ச பிடிச்சு மெதுவா கைய விட்டேன். ஏழாவது தடவ நின்னுச்சு. தண்ணி இல்லாம வச்சேன், அப்பவும் நின்னுச்சு. ஃபேன போட்டேன், அப்பவும் நின்னுச்சு. நாப்பது நிமிஷம் நின்னுச்சு, நாங்க சுத்தி உக்காந்து சாப்ட்டோம்.

அம்மாவ கூப்பிட்டு காட்டினேன். ரெண்டு சுத்து சுத்தி வந்து பாத்தாங்க. "கிரகணத்துல ஒரு தடவ நின்னு பழகிடுச்சுல்ல, இனிமே நிக்கும்"னுட்டு கொழம்பு கிண்ட போயிட்டாங்க.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:

நான் தோத்துட்டேன். உங்க அம்மாவ எவனும் ஜெயிக்க முடியாது.

கொருக்குப்பேட்டை கேட்:

மூணு மாசம் கழிச்சு மறுபடி எழுதறேன், இழைய மேல தூக்கறதுக்கு மன்னிக்கணும். தங்கச்சிக்கு பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டே முக்கால் கிலோ. மூக்கும் முழியுமா இருக்கா. தொட்டில் போட வந்த சொந்தக்காரங்க கிட்ட எல்லாம் அம்மா, "கிரகணத்தன்னிக்கு நான் ரூம விட்டு விடலியே, அதான்"னு சொல்லினு இருக்காங்க. தங்கச்சி என்ன பாத்து கண்ணடிச்சா.

2026 மார்ச் 3ந்தேதி சாயந்தரம் அடுத்த சந்திர கிரகணம். நமக்கு நெலா உதிக்கும்போதே பிடிச்சுதான் இருக்கும், 6.47க்கு விட்டுடும், கடைசி கொஞ்சம்தான் தெரியும், அதுவும் கிழக்க கட்டடம் இல்லாத எடமா பாக்கணும். காசிமேடு அண்ணே, உங்க பக்கம் கடற்கரையில எங்க நின்னா நல்லா தெரியும்?

காசிமேடு சர்ச் தெரு:

வார்ஃப் கிட்ட கூட்டமா இருக்கும். கல்லு கொட்டின பக்கம் வாங்க, ஆறேகாலுக்கு. பாயும் வரேன்னு சொல்லிக்கீறாரு. பெரியவருக்கு உக்கார ஒரு சேர் எடுத்தாந்துடறேன்.

கூட்ஸ் ஷெட்:

உலக்கைய யார் எடுத்துனு வரா?